கொழும்பில் வலசைப் பறவைகள் புறப்படும் காலம்: வீட்டிலிருந்தே கேட்டுப் பதிவது எப்படி?

#1 · வெள்ளவத்தை_வாலாட்டி

மாசி முடிகிறது. வடக்கே குளிர் நாடுகளில் இந்த மாதங்களில் பறவைகளின் வரவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு இது வழியனுப்பும் காலம். மத்திய ஆசிய வான்வழியின் தெற்கு முனையில் இருக்கிறோம், இங்கே வந்தவை எல்லாம் இனித் திரும்பத்தான் வேண்டும்.

ஐப்பசியில் முதல் ஆறுமணிக்குருவி கூப்பிட்டதும் எல்லாரும் இங்கே எழுதுகிறார்கள். அது எப்போது போனது என்று கேட்டால் பதில் இல்லை. ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் புறப்பாடு சிக்காது. ஆகவே இந்த இழை கடைசித் தேதிகளுக்கு மட்டும். படம் போட வேறு இழைகள் இருக்கின்றன.

கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரையும், அந்தப் பக்கம் கோட்டே, பத்தரமுல்லை வரையும் வீட்டு வாசலில் எதிர்பார்க்கக்கூடியவை: ஆறுமணிக்குருவி, பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், பச்சை இலைக்கதிர்க்குருவி, நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான். கால்வாய்க் கரையில் வீடென்றால் சாதாரண உள்ளானும். பழைய மரங்கள் நிற்கும் வளவென்றால் காட்டு வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான்.

ஆறையும் தொடர வேண்டாம். காதுக்குப் பழகிய இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

#2 · கோட்டே_மடையான்

நல்ல தொடக்கம். முறையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சேரும் தேதிகளால் பயனில்லை.

கடைசியாகக் கேட்ட நாளைவிட, அதற்குப் பிறகு காது கொடுத்தும் கேட்காத நாட்கள்தான் பெறுமதியானவை. ஏப்ரல் 10ஆம் தேதி கீச்சான் கத்தியது, 11ஆம் தேதி வீட்டுக்காரர் புதுவருசத்துக்கு யாழ்ப்பாண பஸ் ஏறிவிட்டார் என்றால், 10ஆம் தேதி அவர் புறப்பட்ட நாளே தவிர கீச்சான் புறப்பட்ட நாள் அல்ல. கொழும்புப் பதிவுகள் பல சித்திரைப் புதுவருசத்தோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். ஊருக்குப் போகிறவர்கள் அந்த இடைவெளியைக் குறிப்பில் காட்டுங்கள்.

நான் பரிந்துரைப்பது: ஒரே இடம், ஒரே திசை, 15 நிமிடம், கிழமைக்கு மூன்று காலை. கேட்டால் கேட்ட நிமிடத்தை எழுதுங்கள். கேட்கவில்லையென்றால் பூச்சியம் போடுங்கள், கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. வெறுமை என்றால் பார்க்கவில்லை, பூச்சியம் என்றால் பார்த்தும் இல்லை. தொடர்ந்து இரண்டு கிழமை பூச்சியம் வந்த பிறகுதான் நிறுத்தலாம்.

#3 · ஆறுமணி

மடையான் சொன்னதோடு இதையும் சேருங்கள்: மணிக்கூட்டை நம்பாதீர்கள். கொழும்பில் மார்ச் தொடக்கத்தில் சூரியன் 6.25 அளவில் உதிக்கும், ஏப்ரல் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்பே. ஏறத்தாழ அரை மணித்தியால வித்தியாசம். ஆறுமணிக்குருவி கத்துவது விடியலை ஒட்டி, கொஞ்ச நேரம் மட்டும். மார்ச்சில் 6.10க்கு எழும்பி நன்றாகக் கேட்டவர் ஏப்ரல் கடைசியிலும் அதே 6.10க்கு நின்றால், குருவி தன் கூப்பாட்டை முடித்துவிட்டுக் குப்பைக்குள் இறங்கியிருக்கும். அவருடைய தாளில் பூச்சியம் விழும். குருவியோ வீட்டுப் பின்பக்கம் புழு தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே உதயத்துக்கு 25 நிமிடம் முன்பு தொடங்குங்கள். உதய நேரம் எந்தக் கைபேசியின் வானிலைப் பக்கத்திலும் இருக்கும். மாலையில் அவ்வளவு சிக்கல் இல்லை, அஸ்தமனம் இந்த இரண்டு மாதமும் 6.20ஐ ஒட்டியே நிற்கிறது. காலையில் எழும்ப முடியாதவர்கள் மாலையை எடுக்கலாம். ஆனால் இரண்டையும் கலக்க வேண்டாம்.

குரல்: தெளிவான இரட்டை விசில், 'வ்வீட்-ட்யூ', இரண்டாவது கீழே இறங்கும். சில விநாடி இடைவெளி விட்டு மறுபடியும். கூப்பிடும்போது தலையைப் பின்னுக்கு எறிந்து உடம்பை நிமிர்த்தும். தாழ்ந்த கிளையிலிருந்துதான் பெரும்பாலும். ஒரு வளவில் கூப்பிட்டால் பக்கத்து வளவிலிருந்து பதில் வரும், அப்போது இரண்டு என்று எழுதலாம். பதில் வராமல் இடம் மட்டும் மாறினால் ஒன்றுதான்.

#4 · கொட்டாஞ்சேனை_கீச்சான்

தோட்டமே இல்லாத மாடிவீட்டுக்காரர் என்ன செய்வது? கீழே ஓட்டோ, பஸ், விடியலில் ஒலிபெருக்கி. ஐந்தாம் மாடியில் ஆறுமணிக்குருவிக்குக் காத்திருப்பது வீண். இலைக்கதிர்க்குருவியும் கேட்காது. இப்படிப்பட்ட இடத்துக்கு எதை எடுக்கலாம் என்று அனுபவக்காரர் சொல்லுங்கள். கீச்சான் மட்டும் எதிர்க் காணியில் நிற்கிறது.

#5 · வெள்ளவத்தை_வாலாட்டி

மாடிவீடு வானத்தைப் பார்க்கத் தோதான இடம். பஞ்சுருட்டானையும் தகைவிலானையும் எடுங்கள்.

நீலவால் பஞ்சுருட்டான் பறந்துகொண்டே 'ப்ர்ரீப், ப்ர்ரீப்' என்று உருட்டும். அந்த உருட்டல் வாகன இரைச்சலுக்கு மேலாலும் வந்து சேரும். காலை 7 முதல் 9 வரை, வெயில் ஏறிப் பூச்சி எழும்பும்போது, கூட்டமாக உயரத்தில் வட்டமிடும். பின்னேரம் தங்கும் மரத்துக்குப் போகும்போது ஒரே திசையில் கடக்கும், எண்ணுவதற்கு அதுவே நல்ல நேரம். வயரில் இருந்தால் வால் நடுவில் நீளும் இரண்டு ஊசியிறகுகளையும் கண்ணை வெட்டும் கறுப்புப் பட்டியையும் பாருங்கள். கிழக்கில் சில இடங்களில் கூடு வைக்கின்றன, கொழும்பு வானத்தில் தெரிபவை வந்து போகிறவை.

தகைவிலானில் குழப்பம் உழவாரனோடு. பறப்பதை வைத்து வாதாட வேண்டாம். வயரில் வரிசையாக உட்கார்ந்தால் தகைவிலான், உழவாரன் வயரில் உட்காரவே உட்காராது. வயரில் இருப்பதன் வயிறு முழுக்கச் செங்கல் நிறமென்றால் அது நம்மூர்த் தகைவிலான், ஆண்டு முழுவதும் இருப்பது. வெளிறிய வயிறும், தொண்டைச் சிவப்பின் கீழ் கரும்பட்டியும் இருப்பதே வலசை வந்தது.

எதிர்க் காணியில் கீச்சான் இருக்கிறதென்றால் அதைவிட என்ன வேண்டும்? குளிர்காலம் முழுக்க ஒரே புதரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பறவை, கடைசித் தேதிக்கு அதைவிட ஏற்றது இல்லை. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் உள்ள நீளவால் கீச்சானோடு குழப்பிக்கொள்ள இங்கே வாய்ப்பில்லை, கொழும்பில் கறுப்பு முகமூடியோடு நிற்பது பழுப்புக் கீச்சான்தான். ஆனால் ஒன்று. போவதற்கு முன் அதன் அதட்டல் குறைந்து, தனக்குள் முணுமுணுப்பதுபோல் மெல்லப் பாடத் தொடங்கும், இடையிடையே மற்றப் பறவைகளின் குரலும் வரும். ரோட்டுச் சத்தத்தில் அது கேட்காது. உங்கள் பல்கனியிலிருந்து கண்ணால் பார்த்து எழுதுங்கள், காதை மட்டும் நம்பினால் அது இருக்கும்போதே போய்விட்டதாகப் பதிவீர்கள்.

#6 · பத்தரமுல்லைப்_பச்சை

இலைக்கதிர்க்குருவிக்கு வருவோம். கொழும்பு மாமரங்களில் உச்சிக்குள் நின்றுகொண்டு பகல் முழுக்கக் கத்தும், ஆனால் பாதிப்பேர் அதைத் தையல்சிட்டு என்று தள்ளிவிடுகிறார்கள்.

பச்சை இலைக்கதிர்க்குருவி: 'ச்சி-ரு-வி', மூன்று அசை, நடு அசை சட்டென்று ஓடிவிடும். பெரிய அலகு இலைக்கதிர்க்குருவி: 'டிர்-டீ', இரண்டு அசை, இரண்டாவது ஒரு படி மேலே. நகரத்தில் முதலாவதே அதிகம். தையல்சிட்டு ஒரே அசையை உரக்கத் திரும்பத் திரும்ப அடிக்கும், அதுவும் கீழ்ப் புதரிலிருந்து. தேன்சிட்டும் உச்சிக்குப் போகும், ஆனால் பூ இருக்கும் இடத்தில் நிற்கும்.

அணிலை மறக்கவேண்டாம். அதன் 'ச்சிப்-ச்சிப்-ச்சிப்' ஒரே சுருதியில் நிமிடக்கணக்காகப் போகும். நாணல் கதிர்க்குருவியின் 'செக்' அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒன்று, பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு என்று ஒழுங்கில்லாமல் விழும். தாளத்துக்குக் கத்துவது அணில்.

பங்குனிக் கடைசியில் இலைக்கதிர்க்குருவிகள் அழைப்பை விட்டுப் பாட்டுக்கு மாறும். பெரிய அலகுடையது ஐந்தாறு தெளிந்த சுரங்களை மேலிருந்து கீழே இறக்கும். புதிய பறவை வந்துவிட்டது என்று அந்த வாரத்தில் கட்டாயம் யாராவது எழுதுவார்கள்.

#7 · நுகேகொடை_நாணல்

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் காட்டும் மெர்லின் செயலியைத் திறந்து பல்கனியில் வைத்தால் இத்தனை பாடு எதற்கு? பெயரே வந்துவிடுகிறதே.

#8 · பத்தரமுல்லைப்_பச்சை

வரும். பிழையாகவும் வரும். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை எடுத்துப் பேசும், மைனாவும் அப்படித்தான். செயலி அந்தக் குரலுக்குரிய பறவையின் பெயரைக் காட்டும். ஏப்ரல் 28இல் ஒரு விநாடி மட்டும் 'ஆறுமணிக்குருவி' என்று மின்னியதை யாரும் கடைசித் தேதியாக எழுதக்கூடாது. பெயர் வந்தால் ஒலியைத் திரும்பப் போட்டு உங்கள் காதால் கேளுங்கள், இரண்டு மூன்று முறை அதே அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு எழுதலாம். சுட்டிக்காட்டுவதற்குச் செயலி நல்லது, தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

பதிவு செய்யும் விதம்: கைபேசியை ஏசி வெளிப்பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். சுவரோடு ஒட்டினால் இரைச்சல் சுவரில் பட்டுத் திரும்பும், ஒரு துணியை மடித்து அதன்மேல் வைத்தால் அதிர்வும் குறையும். செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். அது பேச்சுக் குரலுக்காகச் செய்தது, இலைக்கதிர்க்குருவியையே இரைச்சலென்று எடுத்து வெட்டிவிடும். ஒலியை வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். பிறகு கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பஸ் உறுமல் போய்விடும், நாம் தேடும் சிறு பறவை எதுவும் அந்த ஆழத்தில் கத்துவதில்லை.

அடையாளம் கேட்டு இங்கே ஒலி அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப் வொயிஸ் மெசேஜாக அனுப்ப வேண்டாம். அது சுருக்கும்போது உயர் சுருதியெல்லாம் போய்விடும், எஞ்சுவது காகமும் ஓட்டோவும்தான். டொக்கியுமெண்ட் ஆக இணையுங்கள்.

#9 · நுகேகொடை_நாணல்

சரி, ஏற்கிறேன். இன்னொன்று. ஏப்ரலில் குரல் குறைந்ததும், கைபேசியில் அதன் குரலைப் போட்டால் பதில் சொல்லுமா என்று சோதிக்கலாமே?

#10 · கோட்டே_மடையான்

வேண்டாம். புறப்பாட்டுக்கு முன் அவை கொழுப்புச் சேர்க்கும் நாட்கள் இவை, அந்தக் கொழுப்பை எரித்துத்தான் கடலைக் கடக்கப்போகின்றன. பொய்க் குரலுக்குச் சண்டைக்கு வந்து அலைவதில் தீன் நேரம் போகும். உங்கள் பதிவும் கெட்டுவிடும்: நீங்கள் கூப்பிட்டுக் கேட்டதையும் அது தானாகக் கூப்பிட்டதையும் ஒரே தாளில் ஒப்பிட முடியாது.

#11 · கொட்டாஞ்சேனை_கீச்சான்

அப்போ குயில்? அதுவும் சித்திரையோடுதானே வருகிறது. புதுவருசத்துக்கு முள்முருக்குப் பூத்ததும் குயில் வந்துவிட்டது என்றுதான் தொலைக்காட்சியிலும் காட்டுகிறார்கள்.

#12 · ஆறுமணி

குயில் எங்கும் போவதும் இல்லை, வருவதும் இல்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். காகம் கூடு கட்டும் காலத்தில் அதற்கு முட்டையிட இடம் கிடைக்கிறது, அதனால் கத்துகிறது. புள்ளி போட்ட பெட்டையை மார்கழியிலும் காணலாம், பழமரத்தில் சத்தமில்லாமல் இருக்கும். உங்கள் வரவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இதேபோல இன்னும் இரண்டு. குருட்டுக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாகிறது, உண்ணிக்கொக்கின் தலை செம்மஞ்சளாகிறது. இரண்டும் இங்கேயே இருப்பவை, உடுப்பு மாற்றுகின்றன. மாறாக மீசை ஆலா வலசை வந்தது. தலங்கம குளத்திலோ தியவன்னாவிலோ வெள்ளையாகப் பார்த்த அது வயிறு கறுத்து, கன்னம் மட்டும் வெளுத்து நின்றால் கிளம்பத் தயாராகிவிட்டது. களனி முகத்துவாரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் தலை சொக்லேட் நிறத்துக்கு வருவதும் அப்படியே. 'பாதி மாறியது', 'முழுக்க மாறியது' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

#13 · வெள்ளவத்தை_வாலாட்டி

ஈப்பிடிப்பான் பற்றி யாரும் எழுதவில்லையே. பழுப்பு ஈப்பிடிப்பான் குரலுக்கு உதவாது, மெல்லிய 'ட்ஸி' மட்டும். மரத்தின் அடிக்கிளையில், இலையில்லாத ஒரே குச்சியில், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பூச்சிக்குப் பாய்ந்துவிட்டு அதே குச்சிக்கு வரும். குச்சியைக் கண்டுபிடித்தால் தினமும் ஒரு பார்வையில் முடியும் வேலை. கால் கறுப்பாக இருந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான். கால் வெளிறிய மஞ்சள், கீழலகு முழுக்க மஞ்சள், நெஞ்சில் பழுப்புப் பூச்சு என்றால் பழுப்புநெஞ்சு ஈப்பிடிப்பான், அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். இதன் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் முத்து நம்மவர். 1854இல் லேயார்ட் இதை விவரித்தபோது தன்னிடம் வேலை செய்த முத்துவின் பெயரையே வைத்தார். கறுவாத்தோட்டத்துப் பெரிய வளவுகளில் நடப்பவர்கள் காலைப் பாருங்கள்.

அரசவால் ஈப்பிடிப்பானில் வெள்ளை ஆண் மட்டும் சந்தேகமில்லாமல் இந்தியாவிலிருந்து வந்தது. இலங்கையிலேயே கூடு வைக்கும் கிளையினத்தின் ஆண் வெள்ளையாவதே இல்லை. செம்பழுப்பு நிறத்தில் பார்த்தால் வலசைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

#14 · நுகேகொடை_நாணல்

சிறு வளவு இருக்கிறது. இவை ஏப்ரல் வரை நிற்க எதையாவது வைக்கலாமா? தண்ணீர்த் தட்டு வைத்தால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சண்டை பிடிப்பார்.

#15 · கோட்டே_மடையான்

சண்டை பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். தட்டு வைக்கலாம், ஆனால் இந்த விதமாக:

அகலமான மண் தட்டு, தண்ணீர் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். தினமும் தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டு, தட்டின் உள்விளிம்பைத் தும்பால் தேயுங்கள். பலரும் விடும் பிழை இங்கேதான். நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, விளிம்பில் ஒட்டிவிடும். அது காய்ந்தும் மாதக்கணக்காகக் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது கவிழ்த்து வையுங்கள்.

தட்டைவிடப் பெரிய உதவி குப்பையைக் கூட்டாமல் விடுவது. ஆறுமணிக்குருவியும் காட்டு வாலாட்டியும் விழுந்த இலைக்கடியில்தான் தின்கின்றன. மதிலோரம், மரத்தடியில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் சருகை நான்கு விரல் உயரத்துக்கு விடுங்கள். அதற்குள் கிடக்கும் சிரட்டை, தென்னம்பாளை, யோகட் கோப்பை, குழிந்து சுருண்ட பெரிய இலைகள் எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். மாமரத்துச் சருகு தட்டையாகக் கிடக்கும், தண்ணீர் தேங்காது. பலா இலை ஓரம் சுருளும், அதைக் கிளறிவிடுங்கள். பீ.எச்.ஐ. வந்தாலும் காட்டலாம்.

பூனை வரும் வளவென்றால் சருகை மதிலோரத்தில் விடாமல் திறந்த இடத்தில் விடுங்கள், பூனை பதுங்க மறைவு இருக்கக்கூடாது.

#16 · ஆறுமணி

மேலே சொன்னதோடு: கண்ணாடி. ஆறுமணிக்குருவி தாழப் பறப்பது, புதிய மாடிவீடுகளின் தரைமாடிக் கண்ணாடியில் அடிபடுவது வழக்கம். ஸ்ரிக்கர் ஒன்று இரண்டு ஒட்டிப் பயனில்லை, இடையில் உள்ள வெளியால் பாயும். புள்ளிகளை 5 சென்ரிமீற்றர் இடைவெளியில், கண்ணாடியின் வெளிப்பக்கம் போடவேண்டும். உட்பக்கம் ஒட்டினால் வானத்தின் பிம்பம் அதை மறைத்துவிடும்.

அடிபட்டு விழுந்தால் சப்பாத்துப் பெட்டி, மூடியில் சில துளை, உள்ளே ஒரு துணி. இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணித்தியாலம். தண்ணீர் ஊட்டாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம். பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டதும் நிழலான புதருக்கருகில் திறந்துவிடுங்கள். காகம் சுற்றி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், தடுமாறும் பறவையைக் காகம் விடாது. சிறகு தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கூட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

#17 · கொட்டாஞ்சேனை_கீச்சான்

மொட்டை மாடியில் இரவு நின்றால் புறப்படுவது கேட்குமா?

#18 · பத்தரமுல்லைப்_பச்சை

சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் கிளம்புகின்றன, ஆனால் கொழும்பு இரவில் கேட்கும் பத்துக் குரலில் ஒன்பது உள்ளூர்க்காரருடையது. 'க்வாக்' என்றால் இராக்கொக்கு. சீழ்க்கையடித்துக்கொண்டு போவது சீழ்க்கைச்சிறகி. ஆக்காட்டி நிலவில் விடியும்வரை கத்தும். இவற்றைக் கழித்துவிட்டு, மேலே ஒரே திசையில் கடந்து தேயும் மெல்லிய 'ட்வீ-வீ-வீ' கேட்டால் உள்ளான் என்று எழுதலாம். ஆனால் வெள்ளவத்தைக் கால்வாயில் அதைப் பகலிலேயே கேட்கலாம், தண்ணீரை ஒட்டிச் சிறகை விறைப்பாக வெட்டிப் பறக்கும்போது. இரவுக் கேட்டலை முக்கிய வேலையாக வைக்காதீர்கள்.

#19 · வெள்ளவத்தை_வாலாட்டி

பதிவு எங்கே போடுவது என்று தனிமடலில் கேட்கிறார்கள். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்ட் போதும். 'ஓரிடத்தில் நின்று' என்ற வகை, நிமிடம் 15, கண்ட கேட்ட எல்லா இனங்களும் என்பதற்கு ஆம். காகத்தையும் புலுனியையும் விடாமல் எழுதினால்தான் ஆம் என்று போடலாம், அப்போதுதான் எழுதாத இனம் 'இல்லை' என்று பொருள்படும். ஆறுமணிக்குருவிக்கு மட்டும் காது கொடுத்த நாளென்றால் இல்லை என்று போடுங்கள்.

இடத்தின் பெயரில் வீட்டிலக்கம் எழுதாதீர்கள், பட்டியலை எல்லாரும் பார்க்கலாம். 'கொழும்பு 6, கால்வாயோரம்' என்ற அளவு போதும். குறிப்புப் பெட்டியில் உதயத்துக்கு எத்தனை நிமிடம் முன் தொடங்கினீர்கள் என்பதையும், ஊருக்குப் போய்வந்த தேதிகளையும் எழுதிவிடுங்கள். மே முதல் கிழமை முடிய எல்லாருடைய தாளையும் இங்கே இணையுங்கள், இனத்துக்கு ஒரு அட்டவணையாக நான் சேர்த்துப் போடுகிறேன்.

#20 · நுகேகொடை_நாணல்

பைனாகுலர் 8க்கு 42 எடுத்திருக்கிறேன். கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் வைக்க அலுமாரி போதுமா?

#21 · கோட்டே_மடையான்

அலுமாரிதான் பூஞ்சணத்தின் வீடு, அதுவும் தோல் உறையோடு வைத்தால். உறையை விலக்கிவிட்டு, ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். மழையில் நனைந்து வந்தால் முதலில் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு காயவிட்டுப் பெட்டிக்குள் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பெட்டி இல்லாமல் இருப்பதைவிட மோசம்.